திரும்பி வருவதற்கான காரணம்

என் மனைவியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று நான் முடிவு செய்தபோது காலை மணி பதினொன்று. அனுப்பி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தபோது மணி பத்து.

இடையில் ஒரு மணி நேரம் இருந்தது. அதில் நடந்தது இதுதான்.

பத்து மணிக்கு மகள் போனில் வந்தாள். கல்யாணமாகிப் போன நாட்டில் அவளுக்கு அப்போது ராத்திரி. டாக்டர் பிரசவத்துக்கு நாள் குறித்துவிட்டாராம். மாப்பிள்ளைக்கு இரண்டு வாரம்தான் லீவு கிடைக்குமாம்.

"அம்மா, நீ வந்துடுவியில்ல?"

மனைவி தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முன்னறையில் அந்த மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும் வீடு எங்களுடையது. அது நின்றுவிட்டால் யாரோ என்னை எழுந்து நிற்கச் சொன்னதுபோல் இருக்கும். எழுந்து நின்றேன்.

"வரட்டும்மா. மூணு மாசம்தானே? என்னை நான் பாத்துக்க மாட்டேனா?"

மகள் அழுதாள். மாப்பிள்ளை, "மாமா, உங்களை மாதிரி வராது" என்றார். மனைவி மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். நான் ஒரு பெரிய மனிதனாகச் சமையலறைக்குள் போனேன், எனக்கு நானே ஒரு டீ போட்டுக்கொள்ள. டீ இல்லாமல் திரும்பி வந்தேன். டீத்தூள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்போதுதான் அத்தனை பெரிய வார்த்தை பேசியிருந்ததால் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

வெறும் டம்ளரோடு சன்னலில் நின்றேன். தெருக்கோடி வீட்டு வாட்ச் ரிப்பேர்காரர் ஒரு பால் பாக்கெட்டும் இரண்டு பன்னும் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவர் மனைவியும் மகனைப் பார்க்க மூன்று மாதத்துக்கென்று போனவர்தான். நாலு வருஷம் ஆகிறது. அவர் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்றில் நம் நேரம். இன்னொன்றில் அந்த அம்மாள் இருக்கும் ஊரின் நேரம். நாம் ஏதாவது கேட்டால், "இப்ப அவ எந்திரிச்சிருப்பா" என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

மணி பதினொன்று அடித்தது. முடிவு செய்தேன்.

ஆனால் கொடுத்த வாக்கு? பிரசவத்துக்குத் தாயை அனுப்பாத அப்பாவை எந்த மகள் மன்னிப்பாள்? நான் நல்லவனாகவும் இருக்க வேண்டும், இவள் போகவும் கூடாது. அப்படியென்றால் 'கூடாது' என்ற சொல்லை வேறு யாராவது சொல்ல வேண்டும். ஒரு அரசாங்கமே சொன்னால் கௌரவமாக இருக்கும்.

அரசாங்கம் எப்படி 'கூடாது' என்று சொல்லும் என்பது எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அதைச் சொல்லி வருகிறவன் நான். நகராட்சியில் குடிநீர் இணைப்புப் பிரிவு. வருகிற விண்ணப்பங்களில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. கண்டுபிடித்ததும், 'உரிய இணைப்புகள் இல்லாததால் இணைப்பு மறுக்கப்பட்டுத் திருப்பப்படுகிறது' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைப்பேன். முதல் இணைப்பு காகிதம். இரண்டாவது இணைப்பு குழாய். இந்த வித்தியாசம் புரிவதற்குள் பாதிப் பேர் கிணறு தோண்டிவிடுவார்கள்.

ஒரு விண்ணப்பத்தைப் பிழைக்கவைக்கும் வித்தை எனக்குத் தெரியாது. முடித்துவைக்கத் தெரியும்.

"விசா வேலையை முழுக்க என்கிட்ட விட்டுடு," என்றேன்.

"உங்ககிட்டயா?"

"ஏன், எனக்குத் தெரியாத விண்ணப்பமா?"

"தெரியும்தான். ஆனா உங்க கைக்கு வந்த விண்ணப்பம் எதுவும் பொழைச்சதா நான் கேள்விப்பட்டதில்லையே."

சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் தாக்குதல், போட்டோ. விசா விதிகளை ஜெராக்ஸ் கடையிலிருந்து வாங்கிவந்து படித்தேன். வெள்ளைப் பின்னணி. இரண்டு காதும் தெரிய வேண்டும். பல் தெரியக் கூடாது. சிரித்தால் போட்டோ செல்லாது. போட்டோ செல்லாவிட்டால் விண்ணப்பம் செல்லாது. ஸ்டூடியோவில் அவளை ஸ்டூலில் உட்காரவைத்ததும் நான் காமிராவுக்குப் பின்னால் போய் நின்று ஒரு ஜோக் சொன்னேன். இருபத்தெட்டு வருஷத்தில் அவளைச் சிரிக்கவைக்க நான் எடுத்த முதல் முயற்சி அது. அவள் சிரிக்கவில்லை. இன்னொன்று சொன்னேன். போட்டோகிராபர் சிரித்தார். மூன்றாவதைத் தொடங்கியபோது, "எடுத்தாச்சு சார்" என்றார் அவர்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஜோக் புரியலையா?"

"புரிஞ்சுது. நீங்க எதுக்குச் சொல்றீங்கன்னுதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

அந்தப் பதிலில் ஏதோ இருந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்தது பாஸ்போர்ட். பயணம் போகிற நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்பது விதி. அவளுடையது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் எடுத்தது. இதோடு முடிந்தது என்று நம்பிக்கையோடு பிரித்தேன். இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி இருந்தது.

"இது எப்போ?"

"போன வருஷம் புதுப்பிச்சேன். பொண்ணைக் கட்டிக்கொடுத்தா என்னிக்காவது கூப்பிடுவான்னு தெரியாதா?"

"எனக்குச் சொல்லலையே?"

"சொன்னேனே. கையெழுத்துக்கூடப் போட்டீங்க. படிக்காம."

இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் கையெழுத்தில் குற்றம் கண்டவன் வேறென்ன சொல்ல முடியும்?

பிறகு, பெயர். நம் ஆட்களின் விண்ணப்பங்கள் அதிகம் சாவது அந்தக் கட்டத்தில்தான். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று தனியாக வேண்டும். பாஸ்போர்ட்டில் இவளுக்கு என் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டிருந்தார்கள். நான் விண்ணப்பத்தில் அதை மறந்ததுபோல் மறந்து, இவள் படிப்புச் சான்றிதழில் உள்ளபடி மாமனாரின் இனிஷியலை எழுதினேன். பார்க்க ஒரு எழுத்துதான். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒருத்தியும் விண்ணப்பத்தில் வேறொருத்தியும் ஆகிவிடுவார்கள்.

மனைவி விண்ணப்பத்தை வாங்கி, துணியில் மடிப்புப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆனதை மறந்துட்டீங்களா?"

"என்னது?"

"எங்கப்பா இனிஷியல் போட்டிருக்கீங்க. பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே எழுதணும்னு மேலயே போட்டிருக்கு. உங்க பேரை எழுதுங்க. மூணு மாசம் அங்க எல்லாரும் உங்க பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடப் போறாங்க. இங்க பட்டது பத்தாதுன்னு."

திருத்தினேன். நடுநடுவே நான் விட்டுவைத்த சின்னச் சின்ன ஓட்டைகளையும் அவளே தைத்து முடித்தாள். மகள் அனுப்பிய அழைப்புக் கடிதம், மருத்துவக் காப்பீடு, போகவர டிக்கெட் பதிவு, எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. நான் மட்டும் துணை செய்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் மேஜையில் இன்னொரு வரிசையும் உயர்ந்துகொண்டே வந்தது. உள்ளங்கை அகலத்தில் சட்டைகள். பொத்தான் வைக்கவில்லை, குழந்தைக்குக் குத்துமாம். எல்லாவற்றுக்கும் நாடா.

கடைசியில் ஒரே ஒரு கட்டம் மீதி இருந்தது. 'விண்ணப்பதாரர் தம் நாட்டுக்குத் திரும்பி வருவதற்கான காரணம்.'

அதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முகம் தெரியாத ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கும் எனக்கும் இருந்தது ஒரே சந்தேகம். அவர்கள் அதை அச்சடித்துக் கேட்டுவிட்டார்கள். நான் கேட்கவில்லை.

"இதுல என்னங்க எழுதறது?" என்றாள். அப்படியொரு அப்பாவிக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "எனக்கு ஆபீஸ் வேலை கிடையாது. வீடு உங்க பேர்ல. திரும்பி வருவேன்னு எதைக் காட்டி எழுதறது? வீட்டுக்காரர் ஒரு கடிதம் எழுதி வச்சா நல்லதுன்னு ஜெராக்ஸ் கடை அக்கா சொன்னாங்க. உங்களுக்குத்தான் எழுத வருமே."

எனக்குள் இருபத்தாறு வருஷ அனுபவம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தோடு 'இதனால் வீட்டில் இன்னாருக்குச் சிரமம்' என்று ஒரு காகிதம் வந்துவிட்டால் போதும். சிரமம் தீரும்வரை அந்த விண்ணப்பத்தை நிறுத்திவைப்போம். எதையும் நிறுத்திவைக்க அதைவிட நல்ல காரணம் கிடையாது.

தனியறையில் உட்கார்ந்து எழுதினேன்.

'அம்மையீர் அல்லது ஐயா, என் மனைவி தங்கள் நாட்டுக்கு வருவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. எனினும், கீழ்க்கண்ட உண்மைகளைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரக் கடமைப்பட்டுள்ளேன்.'

'எனினும்'. என் உத்தியோகம் எனக்குக் கற்றுக்கொடுத்த மிகச் சிறந்த சொல் அது. அதற்கு முன்னால் எழுதியதை யாரும் படிப்பதில்லை.

'ஒன்று. எனக்கு டீத்தூள் இருக்கும் இடம் தெரியாது.

இரண்டு. எனக்கு இரண்டு நிறத்தில் மாத்திரைகள் உண்டு. எந்த நிறம் எந்த வேளைக்கு என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

மூன்று. என் சட்டையில் பொத்தான் விழுவதை நான் அறிவதில்லை. அது திரும்ப வந்திருப்பதையும் அறிவதில்லை.

நான்கு. எங்கள் வாசற்கதவை இழுத்து, தூக்கி, பிறகு தள்ளித் திறக்க வேண்டும். எனக்கு இழுக்க மட்டுமே வரும்.'

திட்டம் போட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். ஐந்தாவதுக்குப் பிறகு திட்டம் நினைவில் இல்லை. பேனா தானாகப் போய்க்கொண்டிருந்தது.

'பதினொன்று. அலுவலகத்தில் நடப்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. அவள் மெஷின் மிதிக்கும்போது சொல்வேன். காதில் வாங்குகிறாளா என்று தெரியாது. மெஷின் நின்றால் வாங்குகிறாள் என்று அர்த்தம்.

ஆகவே, மேற்படியாள் இல்லாமல் வாழ எனக்கு இயலாது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

ஜெராக்ஸ் கடை அக்காவிடம் கொடுத்தேன். அந்த நாட்டு மொழியில் மாற்றி டைப் செய்வது அவர்தான். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏதாவது தப்பா?" என்றேன்.

"தப்பெல்லாம் இல்ல சார். பதினொண்ணாவதுக்குக் கொஞ்சம் நேரமாகும். நீங்க வேணா போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க."

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். விண்ணப்பதாரர் மட்டுமே உள்ளே போகலாம். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளின் வரிசையில் உட்கார்ந்தேன். மடியில் காகிதங்களோடு நாற்பது பேர் இருந்தார்கள். உள்ளிருந்து யாராவது வந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். என் அலுவலக வராந்தாவிலும் தினமும் இப்படி ஒரு வரிசை இருக்கும். அதை நான் சன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததில்லை.

அரை மணி கழித்து அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தை ஸ்டூடியோவில் மூன்று ஜோக்குகள்கூட அசைக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டேன்.

"என்ன கேட்டாங்க?"

"எதுக்குப் போறீங்கன்னாங்க. சொன்னேன். திரும்பி வருவீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்னாங்க. வேலை இருக்கா? வெளி வேலை இல்லைங்க. சொத்து இருக்கா? என் பேர்ல இல்லைங்க."

"அடடா," என்றேன். உள்ளுக்குள் குழாய் திறந்ததுபோல் இருந்தது. "அப்புறம்?"

"உங்க லெட்டரைக் கொடுத்தேன்."

"படிச்சாங்களா?"

"சன்னல்ல இருந்த அதிகாரியம்மா ரெண்டு தடவை படிச்சாங்க. பக்கத்துச் சன்னல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. அவரும் படிச்சார். 'இதெல்லாம் உண்மையா'ன்னு கேட்டாங்க. நாலாவது மட்டும் பொய், கதவை இழுக்கவும் வராதுன்னேன்."

"அதுக்கு?"

"'இவரை விட்டுட்டு உங்களால திரும்பி வராம இருக்க முடியாது'ன்னு சொல்லி, கைரேகை எடுத்துக்கிட்டு அனுப்பிட்டாங்க."

அடுத்த வாரம் பாஸ்போர்ட் வந்தது. உள்ளே விசா. ஒரு தடவை நுழைய அனுமதி கேட்டிருந்தோம். பல தடவை நுழையலாம் என்று கொடுத்திருந்தார்கள். கீழே இருந்த தேதியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"அஞ்சு வருஷமா! அஞ்சு வருஷமா அங்க இருக்கப் போறே?"

"அது விசா செல்லுபடியாகிற காலம். ஒரு தடவை போனா தொண்ணூறு நாள்தான் தங்கலாம். ரெண்டும் வேற வேற. விண்ணப்பம் பாக்கறவர்தானே நீங்க?"

அவள் போகிற அன்று விமான நிலைய வாசலில் நான் கேட்க நினைத்தது ஒன்று. கேட்டது வேறு.

"டீத்தூள் எங்க இருக்கு?"

"சர்க்கரைன்னு எழுதியிருக்கிற டப்பாவில."

"அப்போ டீத்தூள்னு எழுதினதுல?"

"பொத்தான்," என்றாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னையா, எனக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தையா என்று தெரியவில்லை.

மறுநாள் மெஷினுக்கு உறை போடும்போதுதான் அதன் அடியிலிருந்து ஒரு காகிதம் விழுந்தது. அதே விசா விதிகள். ஜெராக்ஸ் கடை முத்திரையில் இருந்த தேதி, மகள் போன் செய்த நாளுக்கு ஒரு வாரம் முந்தியது. பதினான்காவது விதிக்குப் பக்கத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு. வெட்ட வேண்டிய இடத்தில் அவள் போடுகிற அதே கோடு.

'விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்பதற்கு, அவரையே சார்ந்து வாழும் குடும்பத்தினர் சொந்த நாட்டில் இருப்பது மிக வலுவான பிணைப்பாகக் கருதப்படும்.'

'சார்ந்து வாழும்' என்பதன் கீழே இரண்டு கோடு.

மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கொல்வதற்கென்று நான் எழுதிய கடிதம்தான் அந்த விண்ணப்பத்தின் உயிரே. 'ஆட்சேபணை இல்லை' என்று நல்ல மனதோடு இரண்டே வரி எழுதியிருந்தால் அவள் போயிருக்க முடியாது. கெடுக்க நினைத்தால் மட்டுமே நான் உண்மையை எழுதுவேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் போன நாற்பதாவது நாள் பேத்தி பிறந்தாள். போனில் காட்டினார்கள். நாடா வைத்த சட்டை போட்டிருந்தாள். மூடிய கண்ணோடு யாரையோ திட்டுவதுபோல் உதட்டைச் சுழித்தாள். அது யாருடைய சுழிப்பு என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வாட்ச் ரிப்பேர்காரர் வீட்டுக்குப் போனேன். எனக்கும் ஒரு சுவர்க்கடிகாரம் வேண்டும், மகள் ஊர் நேரம் வைத்து, என்றேன். அவர் முள்ளைத் திருப்பிக்கொண்டே பேசினார்.

"போகும்போது என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. டீத்தூள் எங்கன்னு கேட்டேன்."

"நல்லது. நான், 'எல்லாத்தையும் நான் பாத்துக்குவேன், நீ கவலைப்படாம இரு'ன்னு சொன்னேன். அவ கவலைப்படாம இருக்கா."

கடிகாரத்தைத் துடைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். இரண்டு முட்களும் நகர்வதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? நானும் போவது என்று தீர்மானித்தேன். பேத்தியைப் பார்ப்பேன். திரும்பும்போது இவளையும் கையோடு கூட்டிவருவேன். எப்படியும் இவள் வருவாளா என்று சன்னலில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விண்ணப்பத்தைப் பிழைக்கவைக்க உட்கார்ந்தேன். ஒரு கட்டம் விடவில்லை. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். சிரிக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டேன்; அதற்குச் சிரமப்படவில்லை. அலுவலகச் சான்று வைத்தேன். வீட்டுப் பத்திரத்தின் நகல் வைத்தேன். 'குடும்பத்தினர் யாராவது ஏற்கெனவே விசா பெற்றிருந்தால் அதன் எண்' என்று ஒரு கட்டம் இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த மாதிரிக் கட்டங்கள் மிகவும் பிடிக்கும். அவள் விசா எண்ணை அழகாக எழுதினேன். இருபத்தாறு வருஷத்தில் இத்தனை ஒழுங்கான விண்ணப்பத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். ஜெராக்ஸ் கடை அக்கா படித்துச் சொன்னார்.

"சார்... 'விண்ணப்பதாரர், தம் மனைவி இல்லாமல் தம்மால் வாழ இயலாது என்று எழுத்து மூலம் ஏற்கெனவே தெரிவித்துள்ளார். அந்த மனைவி தற்போது எங்கள் நாட்டில் இருக்கிறார். ஆகவே இவர் திரும்பிச் செல்வார் என்று நம்ப இடமில்லை'..."

"முடிஞ்சுதா?"

"கடைசியா ஒரு வரி இருக்கு சார். 'உரிய பிணைப்பு இல்லாததால் திருப்பப்படுகிறது.'"

அந்த வரி யாருடையது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்து வந்தேன். கதவை இழுத்தேன், தூக்கினேன், தள்ளினேன். திறந்துகொண்டது. எப்போது கற்றேன் என்று தெரியவில்லை. புதுக்கடிகாரத்தைப் பார்த்து, அங்கே விடிந்திருக்கும் என்று உறுதி செய்துகொண்டு போன் செய்தேன்.

"திருப்பிட்டாங்க," என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நான் விண்ணப்பம் போட்டதையே உன்கிட்ட சொல்லலையே."

"ஜெராக்ஸ் கடை அக்கா சொன்னாங்க. அதுவும் இல்லாம, அந்த லெட்டரை ஃபைல்ல வச்சுக்கிட்டு உங்களை எப்படி விடுவாங்க?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "அப்போ... அதுவும் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அளவெடுக்காம நான் என்னிக்குத் துணி வெட்டியிருக்கேன்?"

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. மெஷின் மிதிப்பது போலவே சீராக இருந்தது.

"நான் வந்தா என்ன தப்பு?" என்றேன். "பாக்கணும்னு இருக்காதா?"

தட்டும் சத்தம் நின்றது. கேட்கிறாள் என்று அர்த்தம்.

"நீங்களும் இங்க வந்துட்டா, நான் திரும்பி வர்றதுக்கு அங்க என்ன காரணம் இருக்கு?"

இத்தனை நாளாக நான் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு அது பதில். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மறுபடி தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"அதோட, ஒரு நேரத்துல ஒரு குழந்தையைத்தான் என்னால பாத்துக்க முடியும். வைக்கறேன்."